பில்லோ ஷாட்: 'விட்டிசை' சரிவருமா?

> பில்லோ ஷாட் = தலையணைக் காட்சி. நேர்ப்பொருள்தானே, வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா,

ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் படங்களில் காட்சிகளுக்கு நடுவே ஆளில்லாத இடத்தையோ பொருளையோ சற்றே காட்டி நகரும் ஷாட்டுக்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதானே கேள்வி? 'தலையணைக் காட்சி' வேண்டாம் என்பது என் கட்சி. 'தலையணை மந்திரம்' வழங்கும் மொழியில் இப்படி எழுதினால் படிப்பவர் மனம் நேரே படுக்கையறைக்குப் போய்விடும். மேலும், காட்சி என்றால் சீன். நமக்கு வேண்டியது ஒற்றை ஷாட்டுக்கான பெயர்.

ஜப்பானியப் பழம்பாடல்களில் 'மகுரகொதொபா' என்று உண்டு. மகுர என்றால் தலையணை, கொதொபா என்றால் சொல். குறிப்பிட்ட சில சொற்களுக்கு முன்னால் மரபாக வந்து நிற்கும் அடைமொழி, பெரும்பாலும் ஐந்து அசை. பலவற்றின் பொருள் மங்கிப்போயும் இடம் போகவில்லை. ஓசுவின் ஆளில்லாத ஷாட்டுகளுக்கு திரைப்பட ஆய்வாளர் நோயல் பர்ச் 1979இல் வந்த தம் நூலில் இந்தப் பெயரைச் சூட்டினார். ஆக, தலையணை என்பதே இரவல் உவமை. அந்த ஷாட் செய்யும் வேலைக்குப் பெயர் வைப்போம்.

> 'இடமாற்று ஷாட்' போதாதா?

பாதிதான் பொருந்துகிறது. ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) படத்தில் முதிய தம்பதி ஷூகிச்சியும் தோமியும் டோக்கியோவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கத் தங்கள் ஊரான ஒனோமிச்சியில் மூட்டை கட்டுகிறார்கள். ரயில் பயணமே காட்டப்படுவதில்லை. புகைபோக்கிகள் வருகின்றன, டோக்கியோ வந்தாயிற்று. இது இடமாற்றுதான். ஆனால் அத்தாமி கடலோர விடுதி? பெற்றோரோடு ஊர் சுற்ற நேரமில்லாத பிள்ளைகள் அனுப்பிவைத்த விடுதி அது. ராத்திரி முழுக்கக் கூச்சலும் மாஜாங் ஆட்டமுமாக இருக்கிறது, கிழவர்களுக்குத் தூக்கமில்லை. நடுவில் அறை வாசலில் இரண்டு ஜோடி செருப்பு, அருகருகே. அந்த ஷாட் யாரையும் எங்கும் கொண்டுபோகவில்லை. தோமி இறந்தபின் ஆளரவமில்லாத துறைமுகத்தைக் காட்டுவதும் அப்படித்தான். அழுகைக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே கதை வாய்மூடி நிற்கிறது, அவ்வளவே.

நம் யாப்பில் இதற்கு உறவுண்டு. கலிப்பா என்னும் பாவகையில் தாழிசை என்ற நடுப்பகுதிக்கும் சுரிதகம் என்ற முடிவுப்பகுதிக்கும் நடுவே 'எனவாங்கு' என்று ஒரு தனிச்சொல் நிற்கும். தனியே எடுத்தால் பெரிதாக ஒன்றும் சொல்லாது. நீக்கினால் பாட்டு இடறும். ஆனால் 'தனி ஷாட்' என்றால் ஒருவரை மட்டும் எடுத்த ஷாட் என்று கேட்கும். 'கூன்' (அடியின் அளவில் சேராமல் நிற்கும் தனிச்சொல்) என்று முந்தைய மடலில் ஒருவர் சொன்னது இலக்கணப்படி அழகுதான்; இலக்கணம் படிக்காதவருக்கு முதுகுதான் தெரியும்.

எனவே என் முன்மொழிவு: விட்டிசை. ஒட்டாமல் இடைவிட்டு ஒலிப்பதை யாப்பில் விட்டிசைத்தல் என்கிறோம். இசைதலுக்குப் பொருந்துதல் என்றும் பொருள் இருப்பதால், கதையை விட்டு நின்றும் அதனோடு இசைகிற ஷாட் என்று விரித்துக்கொள்ளலாம். வினையாகவும் வளையும்: "செருப்பைக் காட்டி ஓசு இங்கே விட்டிசைக்கிறார்."

பின்னணி இசையோ என்று சிலர் மயங்கக்கூடும். கட்டுரையில் முதலில் வருமிடத்தில் 'விட்டிசை ஷாட்' என்று முழுதாக எழுதினால் அது தீரும். ஷாட்டையும் தமிழாக்கியே தீரவேண்டும் என்பவர்கள் 'விட்டிசைத் துண்டு' என்பார்கள். துண்டு தோளிலேயே கிடக்கட்டும் என்பது என் கருத்து. மறுப்பிருந்தால் எழுதுங்கள்.