டெமோசோலமைடு கீமோ ஓடும்போது புரோபயாடிக் கொடுக்கலாமா?

கேள்வி (கோத்தகிரி): கிளியோபிளாஸ்டோமா (மூளைப் புற்றுக்கட்டி) நோயாளி. டெமோசோலமைடு, டெக்சாமெத்தசோன் (ஸ்டீராய்டு) இரண்டும் எடுக்கிறார். குடல் பாக்டீரியா பெருகினால் எதிர்ப்புசக்தி கூடும் என்று வீட்டில் புரோபயாடிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா) கேப்சூல் வாங்கியிருக்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில் 1: டாக்டர் சொல்லாமல் வேண்டாம். டெமோசோலமைடு நியூட்ரோபில், லிம்போசைட் என்ற இரண்டு வெள்ளை அணுக்களையும் குறைக்கும். அப்போது உயிருள்ள பாக்டீரியா ரத்தத்தில் ஏறினால் ஆபத்து. 2021 மெலனோமா ஆய்வில் தினம் 20 கிராமாவது நார்ச்சத்து எடுத்தவர்களுக்கு இம்யூனோதெரபி (எதிர்ப்புசக்தியைத் தூண்டும் சிகிச்சை) கூடுதலாகப் பலித்தது. புரோபயாடிக் சேர்த்தவர்களுக்கு அவ்வளவு இல்லை. ஆனால் அது தோல் புற்றுநோய். மூளைக்கட்டியில் கிடைத்திருப்பது பெரும்பாலும் எலி ஆய்வுகள்தான். கட்டி வளர்ந்த எலிக்குக் குடலில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் குறைந்தது. அதைக் கொடுத்தபோது கட்டியைத் தாக்கும் சிடி8 டி செல்கள் கட்டிக்குள் அதிகம் போயின. இதை நம்பி மாத்திரை வாங்காதீர்கள்.

பதில் 2: நார்ச்சத்துக்கு 100 கிராம் ராகியில் 11 கிராம், காய்ந்த ராஜ்மாவில் 16 கிராம் இருக்கிறது. மெதுவாகக் கூட்டுங்கள், வாந்தியை நிறுத்தும் மாத்திரையே மலச்சிக்கல் தரும். கோத்தகிரி மலை உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். ராஜ்மாவை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கண்டிப்பாகக் குக்கரில் வேகவையுங்கள். சட்டியில் வைத்தால் ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் மிச்சமிருந்து வாந்தி வரலாம், பழி கீமோ மேல் விழும்.

பதில் 3: டெக்சாமெத்தசோனே டி செல்களை அடக்கும், சர்க்கரையையும் ஏற்றும். ராகிக் களியின் அளவைச் சர்க்கரை பார்த்து வையுங்கள் அக்கா. ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தினால் மூளை வீக்கம் திரும்பும்.