ஆத்துக்குள்ள லேண்ட் ஆர்ட் (மண்ணு, கல்லு, புல்லு வெச்சு அந்த எடத்துலயே பண்ற கலை) பண்ணணும், யோசனை சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறை டிராயிங்:
வணக்கம்ங்க. இங்க ஒரு ஸ்கூல்ல டிராயிங் சொல்லிக்குடுக்கறேன். எங்க பாலக்காட்டுச் சித்தூர் ஆறு, பாரதப்புழைக்கு தண்ணி கொண்டுபோற ஆறு, சின்னதுல கணுக்கால் பொதையற மணல்ல கபடி ஆடுவோம், இப்ப பாறையும் கோரையுமா கெடக்குது. லாரி லாரியா அள்ளுனத இந்தப் பசங்க பாக்கவே இல்ல, ஆறுன்னாலே இப்படித்தான்னு நெனைக்கறாங்க. பரிட்சை முடிஞ்சதும் இருபது பசங்கள வெச்சு ஆத்துக்குள்ளயே பெருசா ஒண்ணு பண்ணணும்ங்க. போன வருசம் கலர்பொடில மீன் வரைஞ்சோம், ரெண்டாம் நாளு ஒரு மழை, சாயம் பூரா எருமை தண்ணி குடிக்கற குட்டைல எறங்கிருச்சு. அத பாத்ததுல இருந்து மனசு கேக்கல. எத வெச்சு பண்றது?

பனங்காடு:
சாயமே வேண்டாம்ங்க சார். ஸ்மித்ஸன்னு ஒரு லேண்ட் ஆர்ட் கலைஞர் 1970ல அமெரிக்காவுல யூட்டா உப்பு ஏரிக்குள்ள ஆறாயிரம் டன்னுக்கு மேல கருங்கல்லும் மண்ணும் கொட்டி 1,500 அடிக்கு சுருள் கட்டுனாரு, பெரிய வேலைதான், ஆனா மிஷின் எறங்கியே நாசமான ஆத்துல மறுபடி மிஷினா? ரிச்சர்ட் லாங்னு இன்னொரு கலைஞர் 1967ல புல்லுமேல திரும்பத் திரும்ப நடந்தாரு, புல்லு படிஞ்சு ஒரு கோடு விழுந்துச்சு, அத போட்டோ புடிச்சாரு, அதுதான் மொத்த வேலையும். எனக்கு மனசுக்கு நெருக்கம் ஆக்னஸ் டெனிஸ்ங்கற கலைஞரம்மா. ஃபின்லாந்துல சரளை தோண்டி எடுத்த குழில மலை எழுப்பி 11,000 பேரு ஆளுக்கொரு மரம் நட்டாங்க, 1996ல முடிஞ்சுது. தோண்டுன எடத்துலயே நின்னு பேசற வேல அது.

பழைய மேஸ்திரி:
தம்பி, நான் பாலத்து வேல பாத்தவன். பாலத்துக்கு அடில போயி தூணத் தொட்டுப் பாருங்க. மேல வெளுத்து வழவழன்னு இருக்கும், ஒரு மட்டத்துக்குக் கீழ சொரசொரன்னு, செண்ட்ரிங் பலகை அடிச்ச தடம்கூட தெரியும். அது மணலுக்குள்ள இருக்கவேண்டிய பாகம், வெயிலே படக்கூடாது. எங்கூர்ப் பாலத்துல அந்தக் கோடு எந்தலைக்கு மேல நிக்குது. மட்டம் பாக்கற டியூப்புல தண்ணி நெரப்பி அந்த மட்டத்த மூங்கிலுக்கு மூங்கில் ஏத்துங்க, பழைய வெள்ள வேட்டியக் கிழிச்சு வரிசையா கட்டுங்க. ஆறு சரிவு, நூறடிக்கு மேல இழுத்தா கணக்கு தப்பும். கரைல நின்னா மணல் இருந்த மட்டம் வெள்ளையா தெரியும், பசங்க அதுக்கடில நடப்பாங்க.

மூலத்தறைக்காரி:
மேஸ்திரியண்ணன் சொன்னத படிச்சு கண்ணு கலங்கிருச்சு. சார், ஒரு சட்டி மணலக்கூட எடம் மாத்தாதீங்க, கேரளாவுல ஆத்துமணலுக்கு 2001லயே சட்டம் இருக்குது, பஞ்சாயத்துலயும் வில்லேஜ் ஆபீஸ்லயும் எழுதிக் குடுத்துட்டே எறங்குங்க. ஆழியாறு அணைல தொறந்துவிட்டா மழையில்லாத நாள்லயும் இங்க தண்ணி ஏறும், அன்னன்னைக்கு மூலத்தறை ரெகுலேட்டர்ல (தண்ணி தொறந்துவிடற மதகுல) கேக்காம பசங்கள எறக்கவே எறக்காதீங்க. முடிஞ்சதும் துணி, கயிறு, மூங்கில் எல்லாம் நீங்களே அவுத்து எடுத்துருங்க.

கொழிஞ்சாம்பாறை டிராயிங்:
இன்னிக்கு ரெண்டு பசங்களோட பாலத்தடிக்குப் போனேன். அண்ணன் சொன்ன கோடு அப்படியே இருக்குதுங்க, எந்தலைக்கு மேல ரெண்டு சாண். ஒரு பையன் அண்ணாந்து பாத்துட்டு "அப்ப மீனெல்லாம் இதுக்கும் மேலயா சார் போச்சு?"ன்னான். மூங்கில் ஒரு தோட்டத்துல தர்றேன்னுட்டாங்க. வேட்டி ஏழு சேந்திருக்குது, இன்னும் பத்தாச்சும் வேணும், கிழிஞ்சதா இருந்தாலும் சரிங்க.