ஓடைய 6 மீட்டர்ல இருந்து 9 மீட்டரா அகலப்படுத்தப் போறாங்களாம், வெள்ளம் குறையுமா?

கரையோர வீடு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுப் பின்சுவர ஒட்டி ஒரு ஓடை போகுது, ரெண்டு பக்கமும் கருங்கல் சுவர், அகலம் 6 மீட்டர், ஆழம் 2 மீட்டர் இருக்கும். கனமழை பெஞ்சா ஒரு மணி நேரத்துல நிரம்பி தெருவுக்குள்ள ஏறிடும். மூணு வருஷத்துல ரெண்டு தடவ வீட்டுக்குள்ளயே முழங்கால் அளவு தண்ணி. அம்மாவுக்கு மூட்டு வலி, ராத்திரி நேரத்துல கரண்ட் இல்லாம அவங்கள தூக்கிட்டு மாடி ஏறுனத நெனச்சா இப்பவும் பதறுது.

இப்ப 300 மீட்டர் நீளத்துக்கு ஓடைய 9 மீட்டரா அகலப்படுத்தி, அடியும் சுவரும் கான்கிரீட் போடப் போறதா திட்டம் வந்திருக்கு. இன்னும் ரெண்டு வாரத்துல கருத்துக் கேக்குற கூட்டம். எங்க தெருல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். ஆனா பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும் "கீழ மெயின் ரோட்டுக்கு அடியில இருக்கற கல்வெர்ட்ட, அதாவது தண்ணி ரோட்ட கடந்து போற சின்னப் பாலத்த, தொடாம இங்க எவ்ளோ அகலப்படுத்துனாலும் பிரயோஜனம் இல்ல"ன்னு சொல்றாரு. வரைபடத்துல பாத்தா கல்வெர்ட் அப்படியேதான் இருக்கு. அகலம் கூடுனா தண்ணி கூட போகும்தானே, அவர் சொல்றது சரியா? கூட்டத்துல என்ன கேக்கணும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நீரோட்டம்:
உங்க பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றதுல நிறைய விஷயம் இருக்கு. நான் வடிகால் டிசைன் வேலைல ரொம்ப வருஷமா இருக்கேன், கணக்கோடயே சொல்றேன்.

முதல்ல உங்க ஓடை எவ்ளோ தண்ணி கடத்தும்னு பாக்கலாம். 1889ல ராபர்ட் மேனிங்னு ஒரு அயர்லாந்து இன்ஜினியர் சொன்ன சூத்திரத்தத்தான் இன்னைக்கும் எல்லாரும் பயன்படுத்துறோம். தண்ணி ஓடுற குறுக்குப் பரப்பு, அந்தத் தண்ணி தொடுற சுவர் அடி ரெண்டோட நீளம், சரிவு, சொரசொரப்பு, இந்த நாலும்தான் கணக்கு. சரிவு 1000 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம்னு வெச்சுக்குவோம். 6 மீட்டர் அகலம் 2 மீட்டர் ஆழம் சுத்தமான கான்கிரீட்டா இருந்தா செகண்டுக்கு 28 கனமீட்டர் போகும். அதே ஓடைல புல்லு மண்டி கல்லும் குப்பையும் கெடந்து சொரசொரப்பு ரெண்டு மடங்கு ஆச்சுன்னா அப்படியே பாதி, 14தான். 9 மீட்டரா அகலப்படுத்தி சுத்தமாவும் வெச்சா 47 வரைக்கும் வரும். அதனால தாளுல பாத்தா இந்தத் திட்டம் நல்ல திட்டம்தான்.

ஆனா இந்தக் கணக்கு முழுக்க ஒரு அனுமானத்துல நிக்குது, அதாவது கீழ தடையே இல்லாம தண்ணி தன்னோட சரிவுல ஓடிப் போகுதுன்னு. கீழ ஒரு குறுகலான வாய் இருந்தா நெலம மாறிடும், தண்ணி அந்த வாயிலதான் நிக்கும், அங்க இருந்து பின்னாடி எதுக்களிச்சு மேல ஏறும். நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, முங்கிப்போன கல்வெர்ட் வழியா ரெண்டு மடங்கு தண்ணி தள்ளணும்னா முன்னுக்கும் பின்னுக்கும் நீர்மட்ட வித்தியாசம் நாலு மடங்கு வேணும். அந்த உயரம் உங்க தெருவுலதான் நிக்கும், வேற எங்கயும் இல்ல.

அகலப்படுத்துனா கொஞ்சம் தண்ணி தேங்கறதுக்காவது எடம் கெடைக்கும்லன்னு கேப்பாங்க. கூடுற எடம் 300 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், மொத்தம் 1800 கனமீட்டர். செகண்டுக்கு 10 கனமீட்டர் மிச்சம் வந்துச்சுன்னா அது 3 நிமிஷத்துல நெறஞ்சுடும்.

உங்களால இப்பவே பண்ணக்கூடிய ஒரு வேல இருக்கு. போன வெள்ளத்தோட கறை சுவர்ல இன்னும் இருக்கும். கல்வெர்ட்டுக்கு மேல்பக்கம் ஒரு கறை, கீழ்பக்கம் ஒரு கறை, ரெண்டையும் ரோட்டு மட்டத்துல இருந்து டேப் வெச்சு அளந்து பாருங்க. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா கல்வெர்ட்தான் குத்தவாளி. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டம்னா பிரச்சனை அதுக்கும் கீழ எங்கயோ இருக்கு, கல்வெர்ட்ட பெருசாக்குனாலும் பெருசா பலன் கெடைக்காது. அப்படியே கல்வெர்ட்டோட கண்ணு, அதாவது தண்ணி போற வழி, எத்தன, ஒவ்வொண்ணும் எவ்ளோ அகலம் உயரம்னும் அளந்துட்டு வாங்க.

கீழ்க்கரை:
நான் வேற ஊரு, வேற ஓடை. ஆனா இதப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. எங்களுக்கு ரெண்டு கிலோமீட்டர் மேல இருக்கற பகுதியில இதே மாதிரி அகலப்படுத்தி வழுவழுன்னு கான்கிரீட் போட்டாங்க. அங்க இருக்கறவங்களுக்கு நெஜமாவே நல்லது நடந்துச்சு, அத நான் குத்தம் சொல்ல வரல, அவங்களும் எங்கள மாதிரி அவதிப்பட்டவங்கதான். ஆனா முன்ன அங்க இருந்த காலி நெலத்துல பரவி நின்னு அஞ்சாறு மணி நேரமா மெதுவா வடிஞ்சு வர்ற தண்ணி, இப்ப மழ நின்ன அர மணி நேரத்துல மொத்தமா எங்க மேல வந்து விழுது. இருபத்தஞ்சு வருஷமா தண்ணியே பாக்காத வீடுங்க முதல் தடவையா முங்குச்சு, என் அக்கா வீடும் அதுல ஒண்ணு.

யார் கிட்ட கேட்டாலும் உங்க பகுதி அடுத்த கட்டத்துல வருதுன்னு சொல்றாங்க. வேலைய கீழ இருந்து மேல பாத்து கொண்டு போகணும்ங்கற ஒரு விஷயத்த அன்னைக்கு யாராவது எழுந்து கேட்டிருந்தா போதும். உங்க கல்வெர்ட்ட பெருசாக்கறதுக்கு முன்ன அதுக்குக் கீழ யாரு இருக்காங்கன்னு தயவுசெஞ்சு பாருங்க.

பசுங்கரை:
கான்கிரீட்தான் ஒரே வழின்னு நெனச்சுட வேண்டாம், இத சேத்து யோசிங்க. லாஸ் ஏஞ்சல்ஸ் ஆத்துல 1938ல வந்த வெள்ளத்துக்கு அப்புறம் கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர் ஆத்த பெரும்பாலும் கான்கிரீட் தொட்டியா மாத்துனாங்க, தண்ணி கடலுக்கு வேகமா போச்சு, ஆனா ஆறுன்னு ஒண்ணு இல்லாமலே போச்சு, இப்ப அதத் திரும்ப ஆறா மாத்த பாடுபடுறாங்க. சிங்கப்பூர்ல நேர் எதிரா பண்ணாங்க. பிஷான் அங் மோ கியோ பூங்கா ஓரமா போன காலாங் ஆத்தோட 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாய ஒடைச்சு, பூங்காவுக்குள்ளயே வளைஞ்சு போற 3.2 கிலோமீட்டர் ஆறா மாத்தி 2012ல தெறந்தாங்க. சாதாரண நாள்ல நடுவுல கொஞ்சூண்டு தண்ணி, புள்ளைங்க வெளயாடுற புல்தரை, கனமழைல அந்தப் புல்தரையே ஆறு. கடத்துற தண்ணி பழைய கால்வாய விட சுமார் 40 சதவீதம் கூடுச்சு. சொரசொரப்பு கூடுனாலும் அகலம் பல மடங்கு கூடுனதுதான் காரணம்.

உங்க தெருவுல அங்க மாதிரி 100 மீட்டர் அகலம் கெடைக்காது, அது எனக்கும் தெரியும். ஆனா மேல எங்கயாவது மைதானமோ பூங்காவோ காலி எடமோ ஓடை ஓரமா இருக்கா? அத ஒரு மீட்டர் பள்ளமாக்கி வெள்ளம் அதுல ஏறி நின்னு மெதுவா வடியற மாதிரி பண்ணா கல்வெர்ட்டுக்கு வர்ற உச்ச அளவே கொறையும், கீழ்க்கரை சொன்ன மாதிரி கீழ இருக்கறவங்க தலைலயும் விழாது.

இன்னொண்ணு. 9 மீட்டர் அகலத்துக்கு தட்டையா அடி போட்டா மழை இல்லாத நாள்ல தண்ணி பாய் விரிச்ச மாதிரி மெலிசா, மெதுவா போகும். வண்டல் படியும், வண்டல்ல கோரை மொளைக்கும், கோரைல குப்பை சிக்கும், ரெண்டு மழைக்காலத்துல நீரோட்டம் சொன்ன அந்த 47 பாதியாயிடும். அதனால அடியில நடுவுல சின்னதா ஒரு வாய்க்கால் கண்டிப்பா வேணும், தெனப்படி தண்ணி அதுக்குள்ள வேகமா ஓடி தானே கழுவிட்டுப் போகும்.

மழைக்கணக்கு:
யாரும் கேக்காத ஒரு கேள்வி, எந்த மழைக்கு டிசைன் பண்ணிருக்காங்க? 10 வருஷ மழைன்னு சொன்னா பத்து வருஷத்துக்கு ஒரு தடவதான் வரும்னு ஜனங்க நம்பிடறாங்க. ஒவ்வொரு வருஷமும் பத்துல ஒரு பங்கு வாய்ப்புன்னுதான் அர்த்தம், அடுத்தடுத்த வருஷமும் வரலாம். 100 வருஷ வெள்ளம்னாலும் ஒரு வீட்டுல 30 வருஷம் குடியிருந்தா அதுக்குள்ள ஒரு தடவையாவது பாக்கறதுக்கு 26 சதவீதம் வாய்ப்பு இருக்கு.

இன்னொரு கணக்கும் மனசுல வெச்சுக்கோங்க. ஒரு சதுர கிலோமீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1000 கனமீட்டர் தண்ணி. ஒரு மணி நேரத்துல 100 மில்லிமீட்டர் கொட்டி, எல்லாம் வீடும் ரோடுமா இருக்கறதால 80 சதவீதம் ஓடி வந்துச்சுன்னா, ஒரு சதுர கிலோமீட்டருக்கு செகண்டுக்கு 22 கனமீட்டர். உங்க ஓடைக்கு எத்தன சதுர கிலோமீட்டர் தண்ணி வருதுன்னு கேளுங்க, பதில் சொல்லத் தெரியலன்னா டிசைனே சரியா பண்ணலன்னு அர்த்தம்.

கரையோர வீடு:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்ளோ பேர் இவ்ளோ பொறுமையா எழுதுவீங்கன்னு நெனைக்கல. இன்னைக்கு காலைல பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் டேப்ப எடுத்துட்டுப் போனோம். கல்வெர்ட்டுக்கு ரெண்டு கண்ணு, ஒவ்வொண்ணும் 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம். மேல்பக்கக் கறை கீழ்பக்கக் கறைய விட 60 சென்டிமீட்டர் ஒசரத்துல இருக்கு. அப்புறம் ஒரு விஷயம் இத்தன வருஷமா கண்ணுல படவே இல்ல, ஒரு கண்ணோட வாயில குறுக்கால ஒரு பெரிய பைப் போகுது, அதுல பாய், மரக்கெளை, பிளாஸ்டிக் எல்லாம் சுத்திக் கெடக்கு.

கீழ்க்கரை, நீங்க எழுதுனத அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். எங்க தண்ணி யார் வீட்டுக்குப் போகுதுன்னு நாங்க ஒரு தடவ கூட யோசிச்சதே இல்ல.

நீரோட்டம்:
அருமையான வேலை பாத்திருக்கீங்க தம்பி. இப்ப கணக்கு தெளிவா இருக்கு. ரெண்டு கண்ணும் சேத்து 6 சதுர மீட்டர், 60 சென்டிமீட்டர் வித்தியாசத்துல அது வழியா போயிருக்கக்கூடியது செகண்டுக்கு சுமார் 12 கனமீட்டர், குப்பை அடைச்சிருந்தா இன்னும் கம்மி. உங்க ஓடை இப்ப இருக்கற 6 மீட்டர் அகலத்துலயே, சுத்தமா இருந்தா அதுக்கு மேல கடத்தும். 47 கனமீட்டர் ஓடைய 12 கனமீட்டர் வாயில கொண்டு போய் விடறாங்க, அதான் இந்தத் திட்டம். அந்த 28ஐ இதே கல்வெர்ட் வழியா தள்ளணும்னாலே 3 மீட்டருக்கு மேல தண்ணி மேல்பக்கம் நிக்கணும்.

அந்த பைப்ப முதல்ல எடுக்கச் சொல்லுங்க, அதுக்கு பெரிய திட்டமெல்லாம் தேவையில்ல, அடியிலயோ பாலத்துக்கு மேலயோ மாத்திப் போடலாம். கல்வெர்ட்டுக்கு முன்னாடி குப்பை தடுக்க கம்பி வலை வெக்கறேன்னு சொன்னா ஒடனே தலையாட்டிடாதீங்க. சாய்வா இருக்கணும், குப்பை அள்ள வண்டி எறங்க சரிவுப்பாதை இருக்கணும், மழை நேரத்துல அள்ள ஆள் யாருன்னு எழுத்துல இருக்கணும். இல்லன்னா வலையே அணைக்கட்டா மாறிடும்.

கூட்டத்துல நான் கேக்கச் சொல்றது முக்கியமா இதான், கல்வெர்ட்டையும் கீழ ஒரு கிலோமீட்டரையும் சேத்து நீர்மட்டக் கணக்கு போட்டிருக்காங்களா, அந்த வரைபடத்துல வெள்ளத்தோட நீர்மட்டக் கோடு காட்டுங்கன்னு. ஹெச்ஈசி ராஸ்னு அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவோட சாஃப்ட்வேர் இலவசமாவே கெடைக்குது, இத போட்டுப் பாக்கலன்னு சொல்றதுக்கு சாக்கே கெடையாது. அடியில கான்கிரீட் போட்டா நிலத்தடி நீர் தூக்கி விடாம இருக்க கசிவுத் துளை விட்டிருக்காங்களான்னும், யாராவது தவறி விழுந்தா ஏறி வர படியோ ஏணியோ இருக்கான்னும் கேளுங்க. இந்த வேகத்துல, செகண்டுக்கு ரெண்டு மீட்டருக்கு மேல, இடுப்பளவு தண்ணி கூட வேண்டாம், முழங்கால் அளவு தண்ணியே பெரிய ஆளையும் சாச்சுடும், வழுவழு சுவர்ல பிடிக்க எதுவும் இருக்காது.

அகலப்படுத்தவே வேண்டாம்னு நான் சொல்லல. பைப், கீழ் ஓடைல தூர்வாரல், அப்புறம் கல்வெர்ட், கடைசியாத்தான் உங்க 300 மீட்டர், இந்த வரிசைல போனா அதே பணத்துல பலன் கெடைக்கும். பசுங்கரை சொன்ன மாதிரி மேல தேக்க எடம் கெடைச்சா ஒருவேள அந்த 300 மீட்டர் அகலப்படுத்தற வேலையே தேவைப்படாம போகலாம்.

கரையோர வீடு:
மேல பழைய மைதானம் ஒண்ணு இருக்கு, ஓடை ஒட்டித்தான். மழைக்கு அங்க எப்பவும் தண்ணி நிக்கும், அத மண்ணு கொட்டி மேடாக்கப் போறதா ஒரு பேச்சு ஓடிட்டிருக்கு. அதையும் கூட்டத்துல எழுப்பப் போறோம். நாளைக்கு கல்வெர்ட்டுக்குக் கீழ இருக்கற வீடுகளுக்குப் போறோம், அங்க எவ்ளோ வந்துச்சுன்னு கேட்டு அவங்களையும் கூட்டத்துக்கு கூப்பிடறதா முடிவு பண்ணிருக்கோம்.

நீரோட்டம்:
போறப்ப ஒவ்வொரு கறைக்கும் பக்கத்துல டேப்ப பிடிச்சு போட்டோ எடுங்க, எந்தத் தேதி, எத்தன மணிக்கு தண்ணி அந்த ஒசரத்துக்கு வந்துச்சுன்னு அந்த வீட்டுக்காரங்க கிட்டயே கேட்டு எழுதிக்கோங்க. அடுத்த மழைக்கு முன்ன பெயின்ட்ல கோடு போட்டு வெச்சுடுங்க, வெள்ளையடிச்சா கறை போயிடும்.