வேக் அப், கேர்ள்ஸ்!: ஐடல் தொழிலின் உண்மை முகமா, அதே தொழிலின் இன்னொரு சரக்கா?

கடைசிவரிசை:
போன வாரம் ஐடல் அனிமே, அதாவது மேடையில் பாடி ஆடும் இளம் நட்சத்திரங்களைப் பற்றிய ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள் பற்றிய பேச்சில் ஒருவர், "வேக் அப், கேர்ள்ஸ்! பக்கமே போகாதீங்க, அனிமேஷன் கந்தல், கதை முழுக்க பெண்பிள்ளைகளை அவமானப்படுத்துவதுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால்தான் இந்தத் தனித் திரி.

பார்க்காதவர்களுக்கு: 2014 ஜனவரியில் வந்த தொடர், 12 எபிசோட். இயக்கம் யாமாமோதோ யுதாகா. கதை நடப்பது டோக்கியோவில் இல்லை, வடகிழக்கே மியாகி மாகாணத்துச் செண்டாய் நகரில். கிரீன் லீவ்ஸ் என்ற நொடித்துப்போன சின்ன ஏஜென்சி ஏழு பெண்களைச் சேர்த்து ஒரு ஐடல் குழு தொடங்குகிறது. அறிமுக நேரத்தில் தலைவி தங்கே இருந்த பணத்தை எடுத்துக்கொண்டு தலைமறைவாகிறார். மிஞ்சுவது அனுபவமே இல்லாத மேனேஜர் மத்ஸுதாவும் அந்த ஏழு பேரும்தான்.

என் கட்சி இது: ஐடலாக இருப்பது ஒரு பிழைப்பு, அதற்குச் சம்பளம் உண்டு, அது வராமலும் போகலாம் என்பதை இந்த அளவுக்கு உட்கார்ந்து காட்டிய ஐடல் அனிமே வேறு இல்லை. 2013இல் வந்த லவ் லைவில் பள்ளியை மூடவிடாமல் தடுக்க ஆடுகிறார்கள், கூலி என்ற பேச்சே எழாது. 2011இன் ஐடல்மாஸ்டரிலும் ஆரம்பத்தில் வேலையில்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் தங்கமான மனிதர்கள். இங்கே அந்த மெத்தை கிடையாது.

தொடருக்கு முன்கதையாக வந்த 'ஏழு ஐடல்கள்' படத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, செண்டாயின் கொதோதாய் பூங்கா. மேடை உடைக்கு வழியில்லை, பள்ளிச் சீருடையோடு ஏறுகிறார்கள். எதிரே விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டம். போகிறவர்களில் ஒருவர் இருவர் நிற்கிறார்கள், மற்றவர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். பாட்டு முடிகிறது. அவ்வளவுதான். அற்புதம் எதுவும் நடக்கவில்லை.

தேன்மொழி_ர:
அந்த ஒரு வரியை எழுதியவள் நான்தான். அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன்.

நீங்கள் புகழும் அதே பூங்காக் காட்சியில் கேமரா எங்கெல்லாம் போய் நிற்கிறது என்று கவனித்தீர்களா? உடைக்குப் பணமில்லை என்பது கதையின் வறுமை, சரி. அந்தக் கோணத்தைத் தேர்ந்தெடுத்தது வறுமையா? அது இயக்குநரின் முடிவு. ஏழு பேரில் பள்ளிச் சிறுமிகளும் இருக்கிறார்கள். அவர்களைக் காசுக்காக வளைக்கும் உலகத்தைக் கண்டிக்கிறேன் என்று சொல்லும் படம், அவர்களைப் பார்க்கும் விதத்தில் அந்த உலகத்தோடு கைகோத்து நிற்கிறது.

அடுத்து இரண்டாவது எபிசோட். ஒரு புரோக்கர் மாதிரியான ஆள் வருகிறான். பெரிய வாய்ப்பு என்று சொல்லி அழைத்துப்போய், ஒரு குளியல் விடுதியில் குடித்துக்கொண்டிருக்கும் ஆட்கள் முன்னால் நீச்சல் உடையில் நிறுத்துகிறான். மத்ஸுதா அதே இடத்தில் இருக்கிறான், தடுக்கத் துணிவில்லை. ஓடிப்போன தலைவி திரும்பி வந்த பிறகுதான் அது நிற்கிறது. சரி, நடந்தது நடந்துவிட்டது. அதற்கான கணக்கு அவனிடம் போதுமான அளவு கேட்கப்பட்டதா? எனக்குப் போதவில்லை. அந்தப் பெண்கள் பட்ட அசிங்கம் 'எத்தனை கஷ்டப்பட்டு வந்தார்கள் பாருங்கள்' என்று நம்மை உருக வைப்பதற்கான படிக்கட்டாகிவிடுகிறது. அதைத்தான் வியாபாரம் என்கிறேன்.

வடக்குக்காற்று:
கேமரா விஷயத்தில் தேன்மொழி சொல்வதோடு ஒத்துப்போகிறேன், அதற்கு நியாயம் கிடையாது. ஆனால் 'கந்தல்' என்ற பேச்சுக்குப் பின்னால் இருப்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதல் தவறு வெளியீட்டு முறை. படமும் முதல் எபிசோடும் ஒரே நாளில், 2014 ஜனவரி 10 அன்று வந்தன. டிவியில் மட்டும் பார்த்தவருக்குக் குழு எப்படிச் சேர்ந்தது, பூங்காவில் என்ன நடந்தது எதுவும் தெரியாது. நடுக்கதையில் தள்ளிவிட்ட மாதிரி இருந்திருக்கும். படத்தை முதல் எபிசோடாகவே போட்டிருந்தால் பாதி வசவு குறைந்திருக்கும். ஒளிபரப்பில் முகங்கள் காட்சிக்குக் காட்சி மாறின, தூரத்து ஆட்கள் பொம்மை மாதிரி நின்றார்கள். புளூரே பதிப்பில் ஏராளமாகத் திருத்தி வரைந்தார்கள். இன்றைக்கும் டிவி பதிப்பின் படங்களை ஒட்டித்தான் கேலி செய்கிறார்கள், அது நியாயமில்லை. நடனக் காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், கையால் வரைந்த நடனத்தில் அந்தப் பெண்களின் உடல் எடை தெரிகிறது, மூச்சு வாங்குவது தெரிகிறது. 2017இல் இயக்குநரையும் ஸ்டுடியோவையும் மாற்றி எடுத்த அடுத்த தொடரான 'புதிய அத்தியாயம்' கணினி நடனத்துக்குப் போனது. அதில் அந்த எடை காணாமல் போய்விட்டது.

கடைசிவரிசை:
தேன்மொழி, இரண்டாவது எபிசோட் பார்க்கச் சகிக்காது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் தொடர் அங்கே நின்றுவிடவில்லையே.

எதிரே இருக்கும் ஐ-1 கிளப்பைப் பாருங்கள். நாடு முழுக்கக் கிளை பரப்பிய ராட்சதக் குழு. 2005இல் டோக்கியோவின் அகிஹபாரா அரங்கில் தொடங்கிய ஏகேபி 48 என்ற நிஜ ஐடல் குழுதான் இதற்கு அச்சு என்பது யாருக்கும் தெரியும். அதன் தயாரிப்பாளர் ஷிராகி பெண்களை வரிசையாக நிறுத்தி ஓதவைக்கும் பாடம்: ஓய்வெடுக்கக் கூடாது, புலம்பக் கூடாது, யோசிக்கக் கூடாது, எப்போதும் நன்றியோடு இருக்க வேண்டும். யோசிக்கக் கூடாது என்பதை ஒரு கொள்கையாகவே கத்தச் சொல்கிறார்கள். இந்தத் தொடர் வருவதற்கு ஒரு வருடம் முன்புதான், 2013இல், ஏகேபி 48 உறுப்பினர் ஒருவர் காதல் செய்தி வெளியானதும் தலையை மொட்டையடித்துக்கொண்டு அழுதபடி மன்னிப்புக் கேட்ட காணொளி உலகமெல்லாம் போனது. அந்தச் சூட்டில், அந்தத் தொழிலின் காசிலேயே, இப்படி ஒரு ஷிராகியை எழுத நெஞ்சுரம் வேண்டும்.

ஏழு பேரில் ஒருத்தியான மாயு முன்பு அங்கே நடுவில் நின்று ஆடியவள். ஏன் வெளியே வந்தாள் என்பதைத் தொடர் பாதிக்கு மேல் தாண்டியே சொல்கிறது. அதுவரை அவள் சிரிப்பில் ஏதோ பூட்டியே இருக்கிறது. அப்புறம் ஏழு பேரில் இன்னொருத்தி, ஐரி. ஹயாசகா என்ற இசையமைப்பாளர் வந்து பயிற்சி தருகிறார், ஐரி பின்தங்குகிறாள், அவளை நீக்கச் சொல்கிறார். மற்றவர்கள் மறுத்து அவளைக் கூட்டி வருகிறார்கள். ஷிராகியின் உலகத்தில் 'முடியாது' என்று சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. இங்கே ஆறு பேர் சொல்கிறார்கள். இது பெண்களின் அவமானத்தைக் காசாக்கும் கதை என்றால் அந்தக் காட்சிக்கு இடமே இருந்திருக்காது.

தேன்மொழி_ர:
ஐரி காட்சி நல்ல காட்சி. ஆனால் அந்த மறுப்பு யாரிடம் போய்ச் சேருகிறது? ஹயாசகாவிடம். அவர் ஏற்றுக்கொண்டதால் அது வெற்றியாகிறது. முடிவு கடைசிவரை அவர் கையில்தான். ஷிராகி கெட்ட முதலாளி, ஹயாசகா நல்ல முதலாளி, அவ்வளவுதானே வித்தியாசம்?

தொழிலின் காசில் தொழிலையே விமர்சித்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஏவெக்ஸ் என்ற இசை நிறுவனமும் 81 புரொடியூஸ் என்ற குரல் நடிகர் ஏஜென்சியும் சேர்ந்து ஆடிஷன் வைத்து ஏழு புதுமுகங்களைப் பிடித்தார்கள். பாத்திரங்களுக்கு அவர்கள் பெயரையே வைத்தார்கள். யோஷியோகா மாயு என்ற பெண் ஷிமாதா மாயுவாகப் பேசுகிறார், ஏய்னோ ஐரி ஹயாஷிதா ஐரியாக. அதே பெயரில் நிஜமாகவே குழுவாக மேடை ஏற்றினார்கள். திரையில் பாத்திரம் அழுதால் அந்தக் கண்ணீர் அந்தப் பெண்ணின் மேலும் ஒட்டிக்கொள்கிறது. வேலைக்குச் சேர்ந்தவரின் பெயரையும் சேர்த்து விற்பது எந்த வகை நேர்மை?

அகல்விளக்கு:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், இதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. தேன்மொழி அக்கா, அந்த ஏழு பேரை வெறும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் வைத்துப் பேசாதீங்க. அவங்க மேடையைப் பார்த்து வந்தவ நான்.

புதுமுகங்கள்தான், ஆனால் அவங்க அதைத் தங்களுடைய குழுவா ஆக்கிக்கிட்டாங்க. அனிமேயில் ஓதான்னு ஒரு ரசிகர் வருவார் இல்லையா, பூங்காவில் பார்த்ததிலிருந்து விடாமல் ஆள் சேர்த்து ஒழுங்குபடுத்துறவர். அவர் கூட்டம் தங்களுக்கு வைத்துக்கொண்ட 'வாகுனர்' என்ற பேரையே நிஜ ரசிகர்களும் வைத்துக்கிட்டாங்க. அனிமே ஓடாத காலத்திலும் குழு ஓடியது. 2018 ஜூனில் கலைக்கிறோம்னு அறிவித்து, 2019 மார்ச் 8 அன்று சைதாமா சூப்பர் அரீனாவில் கடைசி நிகழ்ச்சி. தொடர் தோல்வின்னு ஊரே சொன்ன ஒரு குழு, அவ்வளவு பெரிய அரங்கில் விடைபெற்றது.

ஏழு பேரில் யோஷினோங்கிற பாத்திரமாகப் பேசிய அஓயாமா யோஷினோ யாருன்னு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியும். 2022இல் பொச்சி த ராக் அனிமேயில் நாயகி கோதோ ஹிதோரியாகப் பேசியவர் அவர்தான். அந்தக் கூச்சக் குரலும், பாடும்போது திறக்கிற குரலும் எங்கிருந்து வந்ததுன்னு நினைக்கிறீங்க? அத்தனை வருஷம் மேடையில் நின்ற உழைப்பு அக்கா அது. அதை வியாபாரத்தின் கணக்கில் எழுதிடாதீங்க.

தேன்மொழி_ர:
தங்கச்சி, அவர்களின் உழைப்பை நான் எங்கே குறைத்தேன்? அந்த உழைப்பு அவர்களுடையது என்பதற்காகத்தானே சண்டை போடுகிறேன். அவர்கள் நன்றாக வந்தது அவர்கள் திறமையால். அதைக் காட்டித் தயாரித்தவர்களுக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

வடக்குக்காற்று:
ஒன்று விட்டுப்போகிறது. இது தொஹோகு, அதாவது வடகிழக்கு ஜப்பானின் கதை. 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நடந்து மூன்று வருடம்கூட ஆகாத நேரம். ஏழு பேரில் காயா, கெசென்னுமா என்ற கடலோர ஊர்க்காரி, கடலுக்கு ஊரையே பறிகொடுத்தவள். ஏழு பேரும் அங்கே போகும் எபிசோடில் இசையைப் பொங்கவிடவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டு அவள் பேசுகிறாள், மற்றவர்கள் கேட்கிறார்கள். இன்னொருத்தி மினாமி நாட்டுப்பாடல் பாடுகிறவள், அவளுக்கு முதல் ரசிகர்கள் தற்காலிகக் குடியிருப்புகளில் இருக்கும் முதியவர்கள். உள்ளூர் ஐடல் என்றால் எதற்கு, யாருக்காக என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் நான் பார்த்ததில்லை. யாமாமோதோ அந்தப் பகுதியை ஒரு தொடரோடு விட்டுவிடவும் இல்லை, 2019இல் அதே பகுதியின் ஃபுகுஷிமாவை வைத்து 'ஹகுபோ' என்ற படம் எடுத்தார்.

பிறகு 2018இல் ஸாம்பி லேண்ட் சாகா என்ற அனிமே வந்து, சின்ன ஊர், ஐடல் குழு, ஊரை மீட்பது என்று அதே கருவைச் சிரிப்போடு சொல்லி எல்லாரையும் இழுத்தது. எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே பெண்கள் ஏற்கெனவே செத்தவர்கள். வாடகை, சாப்பாடு, வீட்டில் என்ன சொல்வது என்ற பயமெல்லாம் அவர்களுக்குப் பெரிதாக இல்லை.

கடைசிவரிசை:
தேன்மொழிக்கு 2015இல் வந்த இரண்டு படங்களையும் சிபாரிசு செய்கிறேன். ஹயாசகாவும் முதலாளிதான் என்றீர்களே, அந்தக் கேள்வியை முதல் படமே எடுத்துக்கொள்கிறது. டோக்கியோவின் பெரிய இசை நிறுவனம் குழுவைக் கூப்பிடுகிறது. பெயர் பிவெக்ஸ். யாரைச் சொல்கிறார்கள் என்று விளக்கத் தேவையில்லை. அடுத்த பாட்டு விற்கவில்லை என்றதும் அங்கே இவர்களை யாரும் சீந்துவதில்லை, செண்டாய்க்குத் திரும்புகிறார்கள். இரண்டாவது படத்தில் ஐ-1இன் நட்சத்திரம் ஷிஹோவையே தூக்கி, டோக்கியோவிலிருந்து தூரத்தில் தெற்கே இருக்கும் ஹகாதாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மாயுவின் எதிரியாக இருந்தவளுக்கும் அதே கதி. நல்ல முதலாளி யார் என்று தேடுவதை அங்கே விட்டுவிட்டு, இந்தப் பெண்கள் எந்த ஊரில், யாருக்காகப் பாடுவது என்று தாங்களே பேசி முடிவெடுக்கிறார்கள்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு என் வரிசை: முதலில் 'ஏழு ஐடல்கள்', பிறகு தொடர், கட்டாயம் புளூரே பதிப்பு, அப்புறம் இரண்டு படங்கள். புதிய அத்தியாயம் அவரவர் விருப்பம்.

தேன்மொழி_ர:
தொடரைப் பாதியில் விட்டவள் இல்லை நான், அந்தப் படங்களையும் பார்த்திருக்கிறேன். ஷிஹோவை அனுப்பும் பகுதி கூர்மையாகவே இருக்கிறது. அப்படி எழுதத் தெரிந்தவர்கள் இரண்டாவது எபிசோடை அப்படி எடுத்தார்கள் என்பதுதான் என் கோபமே. வரிசை சொல்லும்போது அந்த எபிசோடைத் தாண்டிவிடலாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கதை கெடாது.

கடைசிவரிசை:
தாண்டினால் மத்ஸுதா தப்பித்துவிடுவான். அடுத்து வரும் எபிசோட்களில் ஒவ்வொரு வேலைக்கும் இவர்களை அவன் கூட்டிப்போகும்போது நமக்கு வயிற்றில் ஒரு பயம் இருக்கிறதே, அது அங்கிருந்துதான் வருகிறது. அவனைக் கதை போதுமான அளவு கேட்கவில்லை என்றால் பார்க்கிற நாமாவது கேட்க வேண்டும்.

தேன்மொழி_ர:
அப்படியென்றால் என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி ஐடல் கதை என்று ஆசையாகப் போட்டுவிட்டு அந்தக் குளியல் விடுதியில் போய் மாட்டக் கூடாது.

கடைசிவரிசை:
அதைச் செய்கிறேன். முதல் பதிவின் மேலேயே எழுதி வைக்கிறேன்.