தென்னாப்பிரிக்காவில் ஜூலை 18 மண்டேலா தினத்துக்குத் தொண்டு செய்ய இடம் தேடிப் போனவர்கள், உங்கள் அனுபவம்?

மதுரைக்காரி, டர்பன்
போன வருஷம் மண்டேலா தின 67 நிமிஷத் தொண்டுக்கு எங்கள் ஆபீஸிலிருந்து பதினோரு பேர் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். சூப், கம்பளி, நெயில் பாலிஷ். பாலிஷ் போடுவது என் வேலை. முதல் கட்டிலில் இருந்த ஆயாவின் கையைப் பிடித்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "காயலே, காயலே!" பத்து விரலிலும் ஈரச் சிவப்பு. எங்களுக்கு முன்னால் வந்த கூட்டம் போட்டது. அதற்கும் முன்னால் யாரோ போட்ட ரோஸ் ஓரத்தில் எட்டிப் பார்த்தது.

நான் தமிழ் பேசுவது தெரிந்ததும் போர்வையை விலக்கிக் காலைக் காட்டினார். கட்டைவிரல் நகம் வளைந்து பக்கத்து விரலில் குத்திக்கொண்டிருந்தது. நான் பாலிஷ் பாட்டிலோடு அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன். அப்புறம் குரூப் போட்டோ வேறு. இந்த வருஷ மெயிலும் வந்துவிட்டது, இன்னும் பதில் போடவில்லை.

டொங்காட் தம்பி
அக்கா, 67 நிமிஷத்தைக் கிண்டல் பண்ணுவது இப்போது பேஷனாகிவிட்டது. மண்டேலா பொதுவாழ்வில் இருந்த வருஷத்துக்கு ஒரு நிமிஷம் என்று கேட்கிறார்கள், அதையும் கொடுக்காதவர்கள்தான் பாதிப் பேர். நானே அப்படி ஒரு நாளில்தான் ஆரம்பித்தேன்.

என்னை உறுத்துவது வேறு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துப் போய், மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. டேங்கரில் வரிசை நின்று, நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு வாளி தூக்கினோம். மேட்டில் ஒரு ஆயா. இரண்டு வாளியோடு மூச்சிரைக்க ஏறிப் போனால், முதல் சொம்பை மொண்டு துளசிச் செடிக்கு ஊற்றுகிறார்! "ஆயா, இது குடிக்கிற தண்ணி" என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மீதியை மூடி வைத்துவிட்டு, எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்.

ஓய்வுபெற்ற வாத்தியார், பீனிக்ஸ் (டர்பன்)
தம்பி கத்தியது தப்பு. அது அவர் தண்ணீர். கொடுத்த பிறகு கணக்குக் கேட்கக் கூடாது.

என் கதை சின்னது: ஹோம்வொர்க் சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்குப் போனேன், வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். முப்பது வருஷ வாத்தியாருக்குக் கோபம் வராதா? ஆனால் அவர்கள் செய்ததுதான் சரி. பிள்ளைகளோடு வேலை என்றால் போலீஸ் கிளியரன்ஸ் வேண்டும், குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் நம் பெயர் இல்லை என்பதற்கு ஃபார்ம் 30 வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், ஜூலையில் நினைத்து ஜூலையில் நடக்காது. காகிதம் வரும்வரை சும்மா இருக்காதீர்கள். ரத்தம் கொடுங்கள்: 50 கிலோ எடை, 16 வயது, உடம்பு நன்றாக இருந்தால் போதும், 56 நாளைக்கு ஒரு தடவை கொடுக்கலாம். எந்த இல்லத்துக்கும் போவதற்கு முன் போன் செய்து "என்ன கொண்டுவரட்டும்" என்று கேட்காதீர்கள், "எந்தக் கிழமை ஆள் குறைவு" என்று கேளுங்கள். ஜூலையில்தான் எல்லாரும் போகிறார்கள், நீங்கள் ஆகஸ்ட்டில் போங்கள். பெட்ரோல் செலவையும் யோசியுங்கள், தூரமான இடத்தை எடுத்தால் மூன்றாம் மாதம் நின்றுவிடுவீர்கள். பிறகு மதுரைக்காரி அம்மா, நகவெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர் காலில் சின்னக் கீறல் பட்டாலும் புண்ணாகி ஆறாமல் போகலாம்.

புதுசு
நான் கோயிலில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன் என்று போனேன். ஆடிக் கூழுக்கு ஆள் போதவில்லை, வெங்காயம் உரிக்க உட்கார வைத்தார்கள். இரண்டு மூட்டை. வகுப்பைப் பற்றி இன்றுவரை யாரும் பேச்செடுக்கவில்லை. அடுத்த ஆடிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மதுரைக்காரி, டர்பன்
வாத்தியார் ஐயா சொன்னபடி போன் செய்தேன். வியாழக்கிழமை என்றார்கள். போனேன். ஆயாவுக்குச் சர்க்கரைதான், சிஸ்டர்தான் நகம் வெட்டினார். அந்த மூலையில் வெளிச்சம் போதவில்லை. நான் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை ஆடுகிறது என்று ஆயா இரண்டு தடவை திட்டினார்.