ஐ.என்.ஆர். எகிறிய நாள்: உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்

பாம்பன் தெற்குவாடி

அம்மாவுக்கு இதய வால்வு மாற்றி ஒன்பது ஆண்டுகள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை, ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை எல்லாம் இங்கிருப்பவர்களுக்குத் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார், நாங்களும் சொன்னோம், கேட்கவில்லை. அன்று மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும்போது பாறை விரலைக் கிழித்துவிட்டது. இது அவர்களுக்கு அன்றாடம் நடப்பது. அதற்காகத்தான் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். ஆனால் அன்று வல்லத்தில் ஏறிய பிறகும் துணியிலிருந்து சொட்டுவது நிற்கவில்லை. சித்தி பழைய சேலையைக் கிழித்துக் கிழித்துக் கட்டியிருக்கிறார். வல்லம் கரை தட்டியபோது பாசிக் குவியலில் ஒரு மூலை மட்டும் கருஞ்சிவப்பாக இருந்தது. அம்மா அதைக் கையால் மூடி மறைக்கப் பார்த்தார்.

ராமநாதபுரத்தில் எடுத்துப் பார்த்தால் ஐ.என்.ஆர். 7.2. அவருக்கு 2.5 முதல் 3.5-க்குள் இருக்க வேண்டும். நான்கு நாட்களுக்கு முன் வயிற்றுப்போக்குக்காகக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைதான் காரணமாம். மெட்ரோனிடசோல். முருங்கைக்கீரையைக்கூட வீட்டுக்குள் விடாதவர்கள் நாங்கள்! அதை வாங்கி வந்தது யார் என்று மருத்துவர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கீழக்கரை

எங்களுடையது ஐ.என்.ஆர். கதை இல்லை, அதற்கு முந்தைய ஊசியின் கதை. துபாயிலிருந்து வந்திறங்கிய மூன்றாம் நாள் வாப்பாவின் இடது கெண்டைக்கால் வீங்கிக் கல்லாகிவிட்டது. உள்ளே ரத்தக்கட்டி, உடனே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட வேண்டும் என்றார்கள். செவிலியர் வயிற்றுத் தோலைப் பிடித்துக்கொண்டு ஊசியை நெருக்கியபோது வாப்பா அவர் மணிக்கட்டைத் தடுத்து, "இது எதிலிருந்து வருகிறது?" என்று கேட்டார்.

இளம் மருத்துவர். மழுப்பியிருக்கலாம், மழுப்பவில்லை. பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து என்றார். முழுக்க ரசாயன முறையில் செய்யப்படும் ஃபோண்டாபாரினக்ஸ் என்று ஒன்று உண்டு, ஆனால் இந்த நேரத்தில் இங்கே இருப்பு இல்லை என்பதையும் சொன்னார். பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டோம். வேறு வழியில்லாமல் உயிருக்கு ஆபத்து என்றால் தடையில்லை என்றார். வாப்பா ஒன்றும் பேசவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கால் சரியாகிவிட்டது. அவர் மனதாரச் சம்மதித்தாரா, கட்டிலைச் சுற்றி நாங்கள் ஏழு பேர் நின்றதால் சம்மதித்தாரா என்பதைத்தான் இன்றுவரை கேட்க முடியவில்லை.

தேவிபட்டினம், ஓய்வு பெற்ற லேப் டெக்னீசியன்

முதல் பதிவருக்கு: கீரையை ஒழித்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. இந்த மாத்திரை, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. கீரையில் அந்த வைட்டமின் அதிகம், உண்மை. ஆனால் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டுக்கு ஏற்பத்தான் அளவை நிர்ணயிக்கிறார்கள். வாரம் இரண்டு முறை முருங்கைக்கீரை என்றால் எல்லா வாரமும் அப்படியே போகட்டும். அடியோடு நிறுத்தியவர்களுக்குக் கையிருப்பே இருக்காது. நாலு நாள் வயிறு கெட்டுச் சாப்பாடு குறைந்தாலே எண் தாவும். உங்கள் அம்மாவுக்கு அதற்கு மேல் மெட்ரோனிடசோலும் சேர்ந்திருக்கிறது. கல்லீரல் இந்த மாத்திரையைச் சிதைப்பதை அது மந்தமாக்கும், மாத்திரை உடம்பிலேயே நின்றுவிடும்.

இன்னும் சொல்கிறேன். ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினாக்கைக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. பல் பிடுங்கப் போனால் நாற்காலியில் உட்காரும் முன்பே இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். தேதி, அளவு, எண் மூன்றையும் எழுத ஒரு நோட்டு வேண்டும், அது நோயாளியுடன் பயணிக்க வேண்டும். காட்டச் சொன்னால் பாதிப் பேர் மின்சாரக் கட்டண அட்டையை எடுத்து நீட்டுகிறார்கள்.

என் கதை சிறியது. இயந்திரம் வராத காலம். 37 டிகிரி தண்ணீரில் குழாயை வைத்து, மருந்து கலந்து, சாய்த்துச் சாய்த்துக் கட்டியாகும் நொடியை எண்ணுவோம். சராசரி ஆளுக்குப் பன்னிரண்டு நொடி போல. திருக்கை முள் குத்தி வந்த ஒருவருடைய ரத்தம் ஒரு நிமிடம் தாண்டியும் தண்ணீராக ஆடிக்கொண்டே இருந்தது. கையில் ஸ்டாப்வாட்ச். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

மண்டபம்

லேப் ஐயா, கேட்காத அறிவுரை முக்கால், கதை கால். இருந்தாலும் அந்தக் குழாயை நான் மறக்கப் போவதில்லை.

எங்கள் வீட்டில் பிரச்சினை வேறு. தாத்தாவுக்கு இதயத் துடிப்பு தாறுமாறு, அதனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை. விடுமுறைக்கு வந்த என் தம்பி மகன் போனைப் பார்த்து, "தாத்தா, நீங்கள் எலி மருந்து சாப்பிடுகிறீர்கள்!" என்று உரக்கப் படித்தான். எல்லோரும் சிரித்தோம். தாத்தா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் மாத்திரையைப் பிரித்துக் கிணற்றில் போட்டிருக்கிறார். காலி அட்டையை எங்களிடம் காட்டியிருக்கிறார். பதினோராம் நாள் டீக்கடையில் வலது கையிலிருந்து கிளாஸ் நழுவியது. அவர் குனிந்து பார்த்தார், கிளாஸைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

பையன் படித்தது பொய்யில்லை, பாதிதான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1933-இல் ஒரு விவசாயி, பனிப்புயலில், செத்துப்போன பசுவையும் பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வகத்துக்குப் போனார். கெட்டுப்போன தீவனத்தில் இருந்த எந்தப் பொருள் காரணம் என்று பிறகு அங்கே கண்டுபிடித்தார்கள். அந்த ஆராய்ச்சியின் வழியில் வந்த வார்ஃபரின் 1948-இல் எலிக்கொல்லியாகவே விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு அனுமதித்தார்கள். அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே கொடுத்தார்கள். இதையும் சேர்த்து உரக்கப் படித்திருக்கலாமே அவன்.

ராமேசுவரம்

எங்கள் அனுபவம் அலைச்சல்தான். அக்காவுக்கும் இதே மாத்திரை, மதுரையில் வைத்தியம். 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயில் நின்றது முதல் 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தது வரை மண்டபம் போய்த்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது. பரிசோதனையே வேண்டாத புது மாத்திரைக்கு மாற்றுங்கள் என்று கெஞ்சினேன். மருத்துவர் மறுத்துவிட்டார். நான் அவருடன் சண்டையே போட்டேன். வரிசையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

தேவிபட்டினம், ஓய்வு பெற்ற லேப் டெக்னீசியன்

அக்காவுக்கு உலோக வால்வு என்றால் அவர் மறுத்தது சரி. அப்படிப்பட்டவர்களுக்கு டாபிகட்ரான் என்ற புது மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள், 2013-இல் முடிவு வெளியானது. ரத்தக்கட்டியும் அதிகம், ரத்தக் கசிவும் அதிகம். சிறுவயது வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டுத் துடிப்பும் தவறியவர்களிடம் இன்னொரு புது மாத்திரையான ரிவராக்சபானை வைத்துப் பார்த்தார்கள், முடிவு 2022-இல் வந்தது. அங்கும் பழைய மாத்திரைக்காரர்களிடையேதான் சாவு குறைவு. மண்டபத்துத் தாத்தா போன்றவர்களுக்கு, வால்வில் கோளாறு இல்லையென்றால், புதியவை பொருந்தலாம். இதையும் கேட்காமல்தான் சொல்கிறேன்.

பாம்பன் தெற்குவாடி

கீரை பற்றி மருத்துவரிடம் கேட்டேன், லேப் ஐயா சொன்னதையே சொன்னார். புதன்கிழமை பொரியல் செய்தோம். நேற்று 2.9. அம்மா விரலில் ரப்பர் உறை போட்டுக்கொண்டு மறுபடி போகத் தொடங்கிவிட்டார்.

அந்த மாத்திரையை வாங்கி வந்தது நான். அம்மாவுக்குத் தெரியும்.