இரண்டாவது சலூன் திறக்கலாமா? கிளைக் கடைகளை எப்படி நடத்துகிறார்கள்?

கொக்குவில் பெடியன்:
யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் மூன்று கதிரைகளோடு ஆறு வருடமாகச் சலூன் நடத்துகிறேன். சுன்னாகம் சந்தைப் பக்கம் ஒரு கடை வாடகைக்கு வருகிறது. அங்கேயும் திறக்க ஆசை. ஆனால் நான் இங்கே நின்றால் அங்கே யார் பார்ப்பது? சென்னையிலும் வெளிநாடுகளிலும் ஒரே பெயரில் எத்தனையோ கடைகள் வைத்திருக்கிறார்கள். அவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வலிகாமம்:
கமரா பூட்டிவிட்டு போனில் பாருங்கள். மச்சானின் கடையில் அப்படித்தான்.

தென்மராட்சி அண்ணை:
தம்பி, கமரா காசுப்பெட்டியைத்தான் பார்க்கும். உங்களுக்கு வரப்போகும் பிரச்சினை வேறு.

2011இல் சாவகச்சேரியில் என் கடை இருக்கும்போதே கொடிகாமத்தில் இன்னொன்று திறந்தேன். என்னிடம் தொழில் பழகிய பெடியனை அங்கே விட்டேன். அப்படி ஒரு கை அவனுக்கு. அரை பிளேட்டைக் கத்தியில் செருகி, பெருவிரலால் கன்னத்துத் தோலை மேலே இழுத்துப் பிடித்து, ஒரே இழுப்பில் கிருதாவை நேராக்குவான். இரண்டாவது தடவை கத்தி படாது. ஒரு வருடத்தில் வாங்கில் இருக்க இடமில்லாத கூட்டம். பிறகு அவனுக்குக் கட்டார் விசா வந்தது, போய்விட்டான். அடுத்த கிழமை வந்தவர்கள் கதவடியில் நின்று எட்டிப் பார்த்து, “அவர் இல்லையோ?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான்கு மாதத்தில் கடையைப் பூட்டினேன். சனம் அவனுடைய கைக்குத்தான் வந்திருக்கிறது. பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் சூப்பர்கட்ஸ் 1975இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் தொடங்கியது. வெட்டும் முறையையே ஒழுங்குபடுத்தி, அதைப் பழகியவர்களை வேலைக்கு விட்டார்கள். யார் வெட்டினாலும் ஒரே வெட்டு என்பதுதான் அவர்கள் விற்ற சரக்கு.

ஜப்பானில் கியூபி ஹவுஸ் 1996இல் டோக்கியோவின் கண்டா பகுதியில் முதல் கடையைத் திறந்தது. அப்போது 10 நிமிடம், 1000 யென், வெட்டு மட்டும். சவரம் இல்லை, தலை கழுவுவதும் இல்லை. வெட்டி முடிந்ததும் ஒரு குழாய், தலையில் கிடக்கும் மயிர்த் துண்டுகளை உறிஞ்சி எடுத்துவிடும். வருபவர் இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு எடுத்துக்கொண்டு கதிரைக்கு வருவார். வெட்டுபவர் காசைத் தொடுவதே இல்லை. முதலாளி கடையில் நிற்காமல் கடை நடப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

சென்னையில் நேச்சுரல்ஸ் 2000இலும் கவின்கேர் நிறுவனத்தின் கிரீன் டிரெண்ட்ஸ் 2002இலும் வந்தன. அவை பெருகியது பிரான்சைஸ் வழியில். முதல் போடுவது அந்தந்த ஊர்க்காரர். பெயரும் பயிற்சியும் தலைமையிடத்திலிருந்து வரும். பதிலுக்கு வருமானத்தில் ஒரு பங்கு போகும். சொந்தக் காசைப் போட்டவர் கடையைக் கவனிக்காமல் விடமாட்டார்.

நான் பாதிக்குப் பாதி என்றுதான் கொடுத்தேன். ஒரு தலைக்கு வரும் காசில் பாதி வெட்டியவருக்கு. இதில் ஆள் சுறுசுறுப்பாக நிற்பார், உண்மை. ஆனால் வருபவர்கள் எல்லாரும் அவருடைய ஆட்களாகிவிடுவார்கள். நிலையான சம்பளமும் முழுக் கடையின் வருமானத்தில் சிறு பங்கும் என்றால், மூன்று கதிரையும் ஒன்றுக்கொன்று உதவும்.

சுன்னாகத்துக்கு முற்பணம் கொடுக்க முதல், கொக்குவிலில் ஒரு கொப்பி வையுங்கள். “பக்கம் மெஷினில் இரண்டாம் நம்பர், பிடரி பூச்சியம், முன்மயிர் குறைக்கக் கூடாது, இடது வகிடு” என்று ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள். அதைப் பார்த்து மூன்று பேரும் மாறி மாறி வெட்டட்டும். நீங்கள் ஒரு மாதம் கத்தரிக்கோலைத் தொடாமல் இருந்து பாருங்கள். சனம் குறையாவிட்டால் சுன்னாகத்தைத் திறக்கலாம்.

நல்லூர் அக்கா:
நான் பெண்களுக்கான பார்லர் நடத்துகிறேன். அண்ணை சொன்ன கொப்பி எங்களுக்கும் சரிவரும், கலர் கலவையை எழுதி வைப்பேன். இன்னொன்று, தலை கழுவத் தொட்டி வைக்கும் யோசனை இருந்தால் முதலில் அந்தக் கடையின் கிணற்றுத் தண்ணீரில் ஷாம்பூ நுரைக்கிறதா என்று பாருங்கள். நமது மண் சுண்ணாம்புக்கல், அது கரைந்த கடினத் தண்ணீரில் நுரை வராது. என் ஹீட்டரில் வெள்ளைப் படை பிடித்து இரண்டு தடவை மாற்றினேன்.

கொக்குவில் பெடியன்:
நன்றி அண்ணை, நன்றி அக்கா. கொப்பி இன்றைக்கே வாங்குகிறேன். அந்தக் கட்டார் போன அண்ணா திரும்பி வந்தாரா?

தென்மராட்சி அண்ணை:
வந்தான். மிருசுவிலில் சொந்தக் கடை. தீபாவளிக்கு முந்தின நாள் அங்கே ஆள் போதாது என்று கேட்பான், நான் போய் ஒரு கதிரையில் நின்று வெட்டிக் கொடுப்பேன்.